உந்துருளியில் விளையாட்டுக் கருவிகளை ஏற்றிச் செல்லல்

உந்துருளியில் விளையாட்டுக் கருவிகளை ஏற்றிச் செல்லல் என்பது மட்டை, வளைதடி, பந்து, காப்பணி, சறுக்குப்பலகை முதலிய கருவிகளை மோட்டார் சைக்கிள், மொபெட், ஸ்கூட்டர் ஆகிய இருசக்கர ஊர்திகளில் வீட்டிலிருந்து ஆடுகளத்துக்கோ கடற்கரைக்கோ கொண்டு செல்வதைக் குறிக்கும். மகிழுந்து வைத்திருக்கும் குடும்பங்கள் குறைவாக உள்ள இந்தியா, இலங்கை, இந்தோனேசியா போன்ற நாடுகளில் இது அன்றாட நிகழ்வாகும். இக்கட்டுரை தூத்துக்குடி மாவட்டத்தையும் அதன் கடற்கரையையும் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது. நீளமான கருவிகளையும் பலத்த பக்கக் காற்றையும் கனரக லாரிப் போக்குவரத்தையும் ஒருங்கே காணக்கூடிய பகுதி அது.

விளையாட்டுக் கருவிகள் பெரும்பாலும் எடை குறைந்தவை. அதனாலேயே அவற்றை எப்படிக் கட்டினாலும் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இந்த எண்ணம் தவறானது. ஊர்தியின் நிலைப்பாட்டைத் தீர்மானிப்பதில் சுமையின் எடையைக் காட்டிலும், அது வைக்கப்படும் இடமும் அதன் நீளமும் காற்றுக்கு அது காட்டும் பரப்பும் பல வேளைகளில் முதன்மை பெறுகின்றன.

பின்னணி

தமிழ்நாட்டில் சுமை ஏற்றும் இருசக்கர ஊர்தி என்றாலே நினைவுக்கு வருவது டிவிஎஸ் மொபெட் ஆகும். டிவிஎஸ் குழுமத்தை நிறுவிய டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1877இல் பிறந்தவர்; திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியைச் சேர்ந்தவர். அக்குழுமம் ஓசூரில் அமைத்த தொழிற்சாலையிலிருந்து 1980ஆம் ஆண்டு 'டிவிஎஸ் 50' வெளிவந்தது. இருவர் அமர்ந்து செல்லத்தக்க முதல் இந்திய மொபெட் என இது அறியப்படுகிறது. அதற்கு முன்னரே, 1972இல், புனேயின் கைனெடிக் நிறுவனம் 'லூனா' மொபெட்டைச் சந்தைக்குக் கொண்டு வந்திருந்தது.

டிவிஎஸ் 50இன் வழிவந்த 'எக்ஸ்எல்' வகைகள் சிற்றூர்களின் சுமை ஊர்தியாகவே மாறின. மீன் விற்போர் பனிக்கட்டிப் பெட்டியையும், பால்காரர்கள் கேனையும், வாழைத்தார் வணிகர்கள் தாரையும் ஏற்றிச் செல்வது இன்றும் காணக்கூடிய காட்சி. 2015இல் அறிமுகமான 'எக்ஸ்எல் 100' நான்கு வீச்சுப் பொறியைக் கொண்டது. அதன் கொள்ளளவு 99.7 கன செ.மீ. ஓட்டுநரின் கால்களுக்கு இடையே தட்டையான தளமும், பின் இருக்கையைக் கழற்றிவிட்டுச் சுமை வைக்கும் வசதியும் இவ்வகை ஊர்திகளின் சிறப்பு. விளையாட்டு வீரர்களுக்கென எந்த நிறுவனமும் இந்த மொபெட்டை வடிவமைக்கவில்லை. எனினும் மட்டைப் பையைக் கால்களுக்கு நடுவே நிறுத்தி ஓட்டும் வழக்கம் இந்தத் தளத்தினால்தான் உண்டானது.

பெட்ரோல் தொட்டி முன்னே அமைந்த வழமையான மோட்டார் சைக்கிளில் இந்தத் தளம் இல்லை. ஆகவே சுமை முதுகுக்கோ, பின் இருக்கைக்கோ, கேரியருக்கோ செல்கிறது. சிக்கல்கள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

தூத்துக்குடி மாவட்டச் சூழல்

தூத்துக்குடி மாவட்டம் 1986ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மாவட்டத்தின் வடமேற்கே உள்ள கோவில்பட்டி, தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் மட்டுமன்றி வளைதடிப் பந்தாட்டத்துக்கும் (ஹாக்கி) பெயர் பெற்ற ஊர். இங்கு செயற்கைப் புல்தரை மைதானமும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விளையாட்டு விடுதியும் உள்ளன. 2022 மே மாதம் ஆண்களுக்கான தேசிய இளையோர் ஹாக்கிப் போட்டி கோவில்பட்டியில் நடைபெற்றது. அதே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டியின் மாரீசுவரன் சக்திவேலும், இங்கே பயிற்சி பெற்ற அரியலூரின் கார்த்தி செல்வமும் இடம்பெற்றிருந்தனர். சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து விடியற்காலைப் பயிற்சிக்கு வருவோருக்குப் பேருந்து நேரம் பொருந்தாதபோது, தந்தையின் மொபெட்டோ அண்ணனின் மோட்டார் சைக்கிளோதான் துணை.

தூத்துக்குடி நகரில் தருவை விளையாட்டரங்கு முதன்மையானது. கடலோர ஊர்களில் கால்பந்தும் கைப்பந்தும் மிகுதியாக ஆடப்படுகின்றன; இவற்றுக்குப் பந்தும் காலணியும் போதும் என்பதால் சுமை ஒரு பொருட்டே அன்று. நகருக்குத் தெற்கே, திருச்செந்தூருக்கு அப்பால் உள்ள மணப்பாடு கடற்கரை அண்மைக் காலத்தில் அலைச்சறுக்குக்கும் காற்றுப்பட்டச் சறுக்குக்கும் அறியப்படுகிறது. அங்கே பலகைகளைக் கொண்டு செல்வது வேறு வகையான சிக்கல்.

முத்துக்குளித்துறை எனப்படும் இக்கடற்கரையில் முத்துக்குளித்தல் கடைசியாக 1961இல் நடைபெற்றது. சங்கு குளித்தல் அதன் பின்னரும் தொடர்ந்தது. சங்கு குளிப்போர் அணியும் கண்ணாடி முகமூடியும் காலில் மாட்டும் தட்டும் நீர்விளையாட்டுக் கருவிகளின் உறவினங்களே. அவையும் ஒரு சாக்கில் இருசக்கர ஊர்தியில் போகத்தக்கவை.

துறைமுகம் இச்சூழலின் மறுபக்கம். 1974 சூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011இல் வ. உ. சிதம்பரனார் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்ட இதனை நோக்கிச் சரக்குப் பெட்டக லாரிகள் இரவு பகலாக வருகின்றன. துறைமுகத்தைச் சுற்றியும் திருச்செந்தூர் சாலையின் பகுதிகளிலும் உப்பளங்கள் பரந்துள்ளன. உப்பளத்துக்கு நடுவே மரமோ கட்டடமோ இல்லாததால் காற்றுக்குத் தடை ஏதுமில்லை.

சுமையும் நிலைப்பாடும்

ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவாக்கும். முன் உருளியின் அச்சுக்கும் பின் உருளியின் அச்சுக்கும் இடையிலான தூரம் 1.25 மீட்டர் எனக் கொள்வோம். சிறிய ஊர்திகளுக்கு இது ஏறத்தாழப் பொருந்தும். 20 கிலோ எடையுள்ள ஒரு கருவிப்பையை இரு அச்சுகளுக்கும் நடுவே, கால் தளத்தில் வைத்தால் முன் உருளி 10 கிலோவையும் பின் உருளி 10 கிலோவையும் தாங்கும். அதே பையைப் பின் இருக்கையில், பின் அச்சுக்கு 20 செ.மீ. முன்னால் வைத்தால் முன் உருளிக்கு 3.2 கிலோவும் பின் உருளிக்கு 16.8 கிலோவும் சேரும். அதையே கேரியரின் கடைசியில், பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் கட்டினால் பின் உருளியில் 24.8 கிலோ கூடும். முன் உருளியிலோ 4.8 கிலோ குறையும்.

சுமை ஏற்றியபின் முன் உருளியின் அழுத்தம் குறைகிறது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. திசை திருப்புவதும், பிரேக்கு விசையில் பெரும்பங்கைத் தாங்குவதும் முன் உருளியே. அதன் மீதான அழுத்தம் குறையும்போது கைப்பிடி 'லேசாகி விட்டது' என ஓட்டுநர் உணர்வார். மேட்டில் ஏறும்போதும் வேகத்தைக் கூட்டும்போதும் இக்குறைவு மேலும் கூடும். உடன் ஒருவர் பின் இருக்கையில் அமர்ந்தால் இன்னும் மோசமாகும்.

உயரமும் ஒரு காரணி. ஊர்தியின் ஈர்ப்பு மையம் மேலே செல்லச் செல்ல, மெதுவாகச் செல்லும்போதும் நிற்கும்போதும் சாய்வைத் தாங்கக் கால்களுக்குக் கூடுதல் வலு தேவைப்படும். முதுகுப்பை இதில் இடைப்பட்ட நிலை: உயரத்தில் இருந்தாலும் ஓட்டுநரின் உடலோடு சேர்ந்தே அசைவதால் தளர்வாகக் கட்டிய சுமையை விட நல்லது. தளர்ந்த சுமை வளைவில் ஊர்தி சாய்ந்த பிறகு தாமதமாக நகர்ந்து, ஓட்டுநர் எதிர்பாராத நேரத்தில் ஊர்தியை இழுக்கும்.

கருவிகள்

வளைதடியின் பெரும நீளம் விதிப்படி 105 செ.மீ.; வழக்கில் உள்ளவை பெரும்பாலும் 93 செ.மீ. அளவினவை. எடை 737 கிராமுக்கு மேற்படக் கூடாது. இவ்வளவு எடையற்ற பொருள் ஏன் ஆபத்தாகிறது என்பதற்கு விடை அதன் நீளத்தில் உள்ளது. பின்னால் அமர்ந்தவர் வளைதடிக் கட்டை மடியில் குறுக்காக வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவலானது. உந்துருளிகளின் கைப்பிடி அகலம் பெரும்பாலும் 70 முதல் 80 செ.மீ. ஆகும். ஓட்டுநர் தம் கைப்பிடி நுழையும் இடைவெளியைப் பார்த்தே ஊர்தியைச் செலுத்துகிறார். பின்னால் அதைவிட அகலமான கம்பு நீட்டிக்கொண்டிருப்பது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கம்பு சரியாக நடுவில் இருப்பதும் அரிது. அதன் நுனி மற்றொரு ஊர்தியிலோ மின்கம்பத்திலோ பட்டால், அவ்விசை பின்னால் அமர்ந்தவரைச் சுழற்றி இறக்கிவிடும். ஊர்தியின் நீளவாக்கில், பக்கவாட்டில் உடலை ஒட்டிக் கட்டுவதே பொருத்தமானது.

வளைதடிகளை முதுகில் நெடுக்காக மாட்டுவோரும் உண்டு. தடியின் கீழ் நுனி இருக்கையில் இடித்து, மேல் நுனி தலைக்கவசத்தின் பின்புறத்தில் முட்டினால் ஓட்டுநரால் தலையைத் திருப்பிப் பார்க்க இயலாது. தோள்வாரை இறக்கிச் சாய்வாக மாட்டுவது இதற்குத் தீர்வு. எனினும் கீழே விழ நேர்ந்தால் முதுகெலும்புக்கும் சாலைக்கும் இடையே கடினமான தடி இருக்கும் என்பதை மறக்கலாகாது.

இலக்குக் காவலரின் கருவிகள் தனி வகை. கால்காப்பு, பாதக்காப்பு, மார்புக்காப்பு, கையுறை, தலைக்கவசம் என அனைத்தும் சேர்ந்த பை எடையை விடப் பருமனால் தொல்லை தருவது. அது பின் இருக்கை முழுவதையும் எடுத்துக்கொள்ளும் என்பதால் ஊர்தியில் ஓட்டுநர் ஒருவரே செல்ல முடியும். நேர்மையாகச் சொன்னால், இலக்குக் காவலருக்கு ஏற்றது பேருந்தே.

துடுப்பாட்ட (கிரிக்கெட்) மட்டையின் பெரும நீளம் 96.5 செ.மீ., முளைகளின் உயரம் 71.1 செ.மீ. ஒருவருக்கான முழுப் பை பத்து கிலோவைத் தாண்டக்கூடும். அணிக்குப் பொதுவான பையைத் தனி ஒருவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவருவது தவிர்க்கத்தக்கது. காப்பணிகளை வீரர்களிடையே பிரித்துக் கொடுப்பது எளிது.

பூப்பந்து மட்டை 68 செ.மீ.க்கு மேற்படாது, முதுகுப்பையில் அடங்கும். கால்பந்தை வலைப்பையில் இட்டுக் கைப்பிடியில் தொங்கவிடுவது சிறுவர்களிடம் காணப்படும் வழக்கம். பந்து 450 கிராம்தான் என்றாலும், அது கைப்பிடிக்கும் தொட்டிக்கும் இடையே சிக்கினால் ஊர்தியைத் திருப்ப முடியாமற் போகும். காற்றை இறக்கிக் கொண்டு செல்வது நன்று.

ஆண்களுக்கான எறிஈட்டி 2.6 முதல் 2.7 மீட்டர் வரையிலும், பெண்களுக்கானது 2.2 முதல் 2.3 மீட்டர் வரையிலும் நீளமுள்ளது. இதனை உந்துருளியில் கொண்டு செல்லப் பாதுகாப்பான வழி இல்லை. சிலம்பக் கம்பும் ஏறத்தாழ ஆள் உயரம் இருப்பதால் நெடுக்காகக் கட்டினாலும் முன்னும் பின்னும் நீளும். நுனிகளைத் துணியால் சுற்றுவது குறைந்த அளவு முன்னெச்சரிக்கை.

சறுக்குப்பலகையும் காற்றும்

காற்றுப்பட்டச் சறுக்கில் பட்டத்தைச் சுருட்டி முதுகுப்பையில் வைக்கலாம். பலகை ஏறத்தாழ 135 செ.மீ. நீளமுள்ளது. அலைச்சறுக்குப் பலகை ஆறு அடியிலிருந்து ஒன்பது அடி வரை நீளும். இந்தோனேசியாவின் பாலித் தீவில் ஸ்கூட்டரின் பக்கவாட்டில் இரண்டு வளைந்த இரும்புக் கொக்கிகளைப் பொருத்தி, அவற்றில் பலகையை நெடுக்காகத் தாங்கச் செய்யும் அமைப்பு பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது. உள்ளூர்ப் பற்றவைப்புப் பட்டறைகளில் செய்யத்தக்க எளிய அமைப்பே அது. ஆனால் பாலியின் குறுகிய, மெதுவான சாலைகளுக்கு ஏற்றது தூத்துக்குடி–திருச்செந்தூர் சாலைக்கும் ஏற்றது எனக் கொள்ள முடியாது.

காரணம் காற்று. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியே இம்மாவட்டத்தில் பலமாக வீசுகிறது. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் தூத்துக்குடி அருகே முல்லைக்காட்டில் அமைக்கப்பட்டதும், கயத்தாற்றில் காற்றாலை ஆய்வு நிலையம் இருப்பதும் இதனாலேயே. கட்டபொம்மனால் அறியப்பட்ட கயத்தாறு, ஓட்டுநர்களுக்குக் காற்றால் அறியப்பட்ட ஊர். கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு வழியே திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையும், கடலோரத் திருச்செந்தூர் சாலையும் பெரும்பாலும் வடக்குத் தெற்காக அமைந்தவை. ஆகவே மேற்குக் காற்று ஊர்தியைப் பக்கவாட்டில் தாக்கும்.

அரை சதுர மீட்டர் பரப்புள்ள தட்டையான பலகையை, நொடிக்கு 10 மீட்டர் (மணிக்கு 36 கி.மீ.) வேகக் காற்று நேராகத் தாக்கினால் ஏறத்தாழ 36 நியூட்டன் விசை, அதாவது மூன்றரை கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தள்ளல் உண்டாகும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். நிலையான காற்றுக்கு ஊர்தியைச் சற்றுச் சாய்த்து ஈடுகொடுக்கலாம். ஆபத்து மாற்றத்தில்தான் உள்ளது: மேற்குப் பக்கத்தில் ஒரு சரக்குப் பெட்டக லாரி கடக்கும்போது காற்று சட்டென நிற்கும், சாய்த்திருந்த ஊர்தி லாரியை நோக்கியே நகரும், லாரி கடந்ததும் காற்று மீண்டும் அறைந்து எதிர்ப்புறம் தள்ளும். பலகையுடன் செல்பவர் இதை எதிர்பார்த்து வேகத்தைக் குறைத்து, லாரியிடமிருந்து விலகி இருக்க வேண்டும். காற்றுப்பட்டச் சறுக்குக்கு ஏற்ற நாளே பலகையை உந்துருளியில் கொண்டு செல்ல ஏற்காத நாள் என்பது இவ்விளையாட்டின் முரண்.

கட்டும் முறை

இரு முனைகளிலும் கொக்கியுள்ள ரப்பர் கயிறு, பழைய உருளிக்குழாயை நாடாவாக அறுத்த 'டியூப்', நைலான் கயிறு, பல்லிறுக்கி உள்ள பட்டை ஆகியவை பயன்படுகின்றன. மீன் பெட்டி கட்டுவோர் டியூப்பையே விரும்புகின்றனர். அது மலிவானது, வழுக்காதது, கொக்கியற்றது. கொக்கிக் கயிறு இழுத்த நிலையில் நழுவினால் கொக்கி கண்ணைத் தாக்கக்கூடும். இவ்வாறு பார்வை இழந்தவர்கள் உண்டு என்பதால், கட்டும்போது முகத்தை விலக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

எக்கயிறாயினும் குறைந்தது இரண்டு இடங்களில் கட்டுவதும், மீந்த முனையை உள்ளே செருகுவதும் இன்றியமையாதவை. பையின் தோள்வாரோ, கயிற்றின் தொங்கு முனையோ, துப்பட்டாவோ பின் உருளியில் சுற்றிக்கொண்டால் உருளி ஒரு நொடியில் பூட்டிக்கொள்ளும். பின் உருளியின் பக்கத்தில் காப்பு பொருத்த வேண்டும் என மத்திய மோட்டார் வாகன விதிகள் (விதி 123) கூறுவது இதற்காகவே. பின் விளக்கும் எண் பலகையும் மறையக் கூடாது. சிறிது தூரம் சென்றதும் நிறுத்திக் கட்டைச் சரிபார்ப்பது நல்ல பழக்கம், ஏனெனில் மென்மையான பைகள் அமுங்கியதும் கயிறு தளர்ந்துவிடும்.

கடலோரத்தில் உப்புக் காற்றினால் கேரியரின் திருகாணிகளும் பற்றவைப்பும் விரைவில் துருவேறும். வண்ணம் பூசிய கேரியர் உள்ளே அரித்திருப்பது சுமை விழும்போதே பலருக்குத் தெரியவருகிறது. கடற்கரை சென்று வந்தபின் நன்னீரில் கழுவுவது பயன் தரும்.

தலைக்கவசம்

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து 2015 சூலை 1 முதல் தமிழ்நாட்டில் தலைக்கவசம் கட்டாயமாக நடைமுறைப்படுத்தப்பட்டது. விளையாட்டு வீரர்களிடம் ஒரு தவறான புரிதல் உண்டு: துடுப்பாட்டத் தலைக்கவசத்தையோ மிதிவண்டித் தலைக்கவசத்தையோ அணிந்து உந்துருளி ஓட்டுதல். துடுப்பாட்டக் கவசம் சிறிய, கடினமான பந்தின் தாக்கத்துக்காக வடிவமைக்கப்பட்டது. சாலையில் தலை மோதும் விசைக்காக அன்று. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 4151 முத்திரை உள்ள கவசமே உந்துருளிக்கு உரியது. பின்னால் அமர்ந்து செல்பவரும் அணிய வேண்டும்.

சட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் விளையாட்டுக் கருவிகள் குறித்துத் தனிப் பிரிவு இல்லை. ஆனால் பிரிவு 125, ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு இடையூறாக எவரையும் அமரவிடுவதையும் எப்பொருளையும் வைப்பதையும் தடை செய்கிறது. கைப்பிடியில் தொங்கும் பந்துப்பையும், காலடியில் பிரேக்கு மிதியை மறைக்கும் கருவிப்பையும் இதன்கீழ் வரத்தக்கவை. பிரிவு 128 ஓட்டுநருடன் ஒருவரை மட்டுமே அனுமதிக்கிறது. மூன்று வீரர்களும் மூன்று பைகளும் ஒரே ஊர்தியில் செல்வது போட்டி நாட்களில் காணும் காட்சியானாலும் சட்டப்படி குற்றமாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இதற்கு ஆயிரம் ரூபாய் தண்டமும் மூன்று மாத உரிமத் தகுதியிழப்பும் உண்டு.

2020ஆம் ஆண்டு விதித் திருத்தம் இருசக்கர ஊர்தியில் எடை குறைந்த பெட்டி பொருத்துவதை வரையறுத்தது. அதன்படி பெட்டியின் நீளம் 550 மி.மீ., அகலம் 510 மி.மீ., உயரம் 500 மி.மீ. ஆகியவற்றுக்கு மேற்படலாகாது. பின் இருக்கையின் இடத்தில் பெட்டி வைத்தால் ஓட்டுநர் மட்டுமே செல்லலாம். இருக்கைக்குப் பின்னால் வைத்தால் மற்றொருவரும் அமரலாம். வளைதடியோ துடுப்பாட்ட மட்டையோ இப்பெட்டியில் அடங்காது என்பது வெளிப்படை.

மாணவர்கள் அறிய வேண்டியது ஓட்டுநரின் வயது பற்றியது. 16 வயது நிறைந்தவர் 50 கன செ.மீ.க்கு மேற்படாத பொறியுள்ள ஊர்தியை உரிமம் பெற்று ஓட்டலாம். பழைய டிவிஎஸ் 50 இவ்வரம்புக்குள் அடங்கியது. ஏறத்தாழ 70 கன செ.மீ. பொறி கொண்ட எக்ஸ்எல் சூப்பரும் 99.7 கன செ.மீ. எக்ஸ்எல் 100உம் அடங்கா. பெயரும் தோற்றமும் ஒத்திருப்பதால் 'மொபெட்தானே' என்று பள்ளி மாணவரிடம் கொடுத்தனுப்பும் பெற்றோர் பலர். 2019இல் சேர்க்கப்பட்ட பிரிவு 199அ-வின்படி, உரிமம் பெறும் வயதை எட்டாதவர் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் காப்பாளர் அல்லது ஊர்தி உரிமையாளருக்கு மூன்றாண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்படலாம்; ஊர்தியின் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கப்படும்.